முதுகு காட்டக் கூடாத இடம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழையில் சென்னை விமானம் ஒன்று தாமதமானது பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். ‘லக்கேஜ் ஏற்றாமல் ஊழியர்கள் ஒதுங்கி நின்றதால் பயணிகள் அவதி’ என்று போட்டிருந்தீர்கள். மின்னல் வெட்டும்போது திறந்தவெளியில் நின்று பெட்டி ஏற்ற முடியாது, ஒதுங்கத்தான் வேண்டும். அந்த ஒரு வரி செய்தியில் இல்லை. மீனம்பாக்கத்தில் 28 வருடம் தரைப்பணி பார்த்தவன், மனசு கேட்கவில்லை.

முனையத்தைப் பார்த்து நிற்கும் விமானத்தை டிராக்டர் வைத்துத்தான் பின்னுக்குத் தள்ளுவோம். புஷ்பேக் என்போம். டிராக்டர் தள்ளும்போது ஒருவர் ஹெட்செட்டில் விமானியோடு பேசியபடி கூடவே நடப்பார். பெரும்பாலும் அப்போதே இன்ஜினும் ஓட ஆரம்பித்துவிடும். தள்ளி முடித்ததும் டிராக்டரையும் விமானத்தையும் இணைக்கும் கம்பியை, டோ பாரை, கழற்ற வேண்டும். முன்சக்கரம் விமானியின் பேச்சைக் கேட்காதபடி செருகி வைத்த பின்னை உருவ வேண்டும். ஹெட்செட் வயரைப் பிடுங்கிக்கொண்டு ஓரமாகப் போய் நின்று, சிவப்பு ரிப்பன் தொங்கும் அந்தப் பின்னை விமானிக்குத் தூக்கிக் காட்டிக் கட்டைவிரலை உயர்த்த வேண்டும். அதற்கப்புறம்தான் விமானம் தானாக நகரலாம்.

2015 டிசம்பர் 16 இரவு, மும்பையில் ஹைதராபாத் கிளம்பிய விமானத்தில் இந்தக் கட்டத்தில்தான் தவறு நடந்தது. கீழே நின்ற டெக்னீஷியன் விலகுவதற்குள் விமானம் நகர்ந்துவிட்டது. இன்ஜின் அவரை உள்ளே இழுத்துக்கொண்டது.

பக்கத்தில் ஓடும் இன்ஜின் காதில் விழாதா என்று என் மருமகனே கேட்டார். விழாது. காதில் சத்தத்தை அடைக்கும் மஃப் இருக்கும், சுற்றிலும் நாலைந்து விமானங்கள் இரைந்துகொண்டிருக்கும்; எது எந்தச் சத்தம் என்று பிரிக்க முடியாது. அதனால்தான் இன்ஜினின் நடுக்கூம்பில் வெள்ளைச் சுழி வரைந்திருப்பார்கள், சுற்றுகிறதா நிற்கிறதா என்று கண்ணுக்காவது தெரியட்டும் என்று. (என் பேரன் அதை ஜிலேபி என்கிறான்.)

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஐப்பசி மழை இரவு. வயரைப் பிடுங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி நடந்தேன். மழைக்குப் பயந்து குறுக்கு வழி. யாரோ பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததில் பின்பக்கமாக விழுந்தேன். டிராக்டர் ஓட்டிய மூத்தவர். அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை. மறுநாள் கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: “கோயில்ல சாமி கும்பிட்டுட்டு வெளிய எப்படிடா வருவே? முதுகக் காட்டிக்கிட்டா?” அதன் பிறகு ஓய்வு பெறும் வரைக்கும் நான் எந்த விமானத்துக்கும் முதுகு காட்டியதில்லை.

வாயால் சொல்லிக்கொடுத்தால் போதும் என்று நிர்வாகங்கள் நினைக்கின்றன. 2022 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவின் மான்ட்கோமரியில் சொல்லத்தான் செய்தார்கள். தரையில் நிற்கும்போது மின்சாரம் தர அந்த விமானத்தின் வாலில் இருக்கும் துணை இன்ஜின் பழுது. அதனால் விமானம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் பெரிய இன்ஜின் ஓடும், கிட்டே போகாதீர்கள் என்று விமானம் வருவதற்கு முன் ஊழியர்களைக் கூட்டிப் பேசியிருக்கிறார்கள். இன்ஜின் ஓடுகிறது என்று எச்சரிக்கும் சிவப்பு பீக்கன் விளக்கும் மின்னிக்கொண்டுதான் இருந்தது. ஓடும் இன்ஜினுக்கு 15 அடிக்குள் நுழையாதே என்று அவர்கள் கையேட்டில் அச்சிட்டே இருந்தது. விமானத்தின் பக்கத்தில் தரையில் எச்சரிக்கைக் கூம்பு வைக்கப் போன ஊழியர் திரும்பவில்லை. பழகிய கால் பழகிய பக்கம் போய்விடும் சார். அதை நிறுத்த ஒரு கை வேண்டும்.

எங்கள் காலத்தில் ஆறு மாதம் ஒரு மூத்தவர் பின்னாலேயே திரிய வேண்டும். எங்கள் தெருப் பையன் ஒருவன் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் சேர்ந்தான், மூன்றாவது வாரமே விமானங்கள் நிற்கும் ரேம்ப்பில் விட்டுவிட்டார்கள். இறக்கை நுனி எதிலும் இடிக்காமல் பார்க்கப் பக்கத்துக்கு ஒருவர் நடக்க வேண்டும். பல நாள் இவன் ஒருவன்தான் இரண்டு பக்கமும் ஓடுகிறானாம். வந்து இறங்கிய விமானம் அரை மணியில் திரும்பக் கிளம்ப வேண்டும். ஐந்து நிமிடம் பிந்தினால் யார் காரணம் என்று பதில் எழுத வேண்டும். அந்த எழுத்துக்குப் பயந்துதான் எல்லாரும் ஓடுகிறார்கள். இதில் நீங்களும் ‘அவதி’ என்று தலைப்புப் போட்டால் இன்னும் வேகமாக ஓடுவார்கள்.

தாமதச் செய்தி போட வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் டிக்கெட் வாங்கிக் காத்துக் கிடந்து கடுப்பானவன்தான். அடுத்த முறை போடும்போது, அந்த விமானத்துக்குக் கீழே எத்தனை பேர் நிற்க வேண்டும், எத்தனை பேர் நின்றார்கள் என்று நிறுவனத்திடம் கேட்டு அதையும் போடுங்கள். பதில் வரவில்லை என்றால், வரவில்லை என்றே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தரைப்பணி ஊழியர்,
பம்மல்.
(பெயர் வேண்டாம், அந்தத் தெருப் பையன் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறான்.)