நிறம் கடைசியில்தான்

அன்பு மகள் ரேவதிக்கு,

நீ வாங்கிய பழைய பத்மினி கார் தண்டையார்பேட்டை ஷெட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்டிருந்தாய். அதை இப்போது விடும்மா. காந்தத்தை வைத்துப் பார்த்ததில் வலது பின் மட்கார்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டவே இல்லை. அங்கே தகடு போய், பள்ளத்தை நிரப்பப் பூசும் பசையான பட்டிதான் நிற்கிறது. இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டில் ஸ்க்ரூடிரைவர் குத்தினால் உள்ளே இறங்குகிறது. கதவுகளின் அடி மடிப்பும் அரித்திருக்கிறது. கூரை, பானெட், தூண்கள் நல்ல தகடு.

ரன்னிங் போர்டிலிருந்து ஆரம்பி. இந்த வண்டிக்குத் தனி சேஸ், அதாவது அடிச்சட்டம் கிடையாது, பாடிதான் பாரம் தாங்குகிறது. ரன்னிங் போர்டை வெட்டும்போது வண்டியை நடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி வைத்திருந்தால் பாடி வளைந்துவிடும். அப்படியே வெல்டு வைத்துவிட்டால் பிறகு கதவு மூடவே மூடாது. ஸ்டாண்டுகளை முன்னும் பின்னும் சக்கரங்களுக்குப் பக்கத்தில் கொடு. கதவுகள் மாட்டியே இருக்கட்டும். சுற்றியுள்ள இடைவெளியை நாலைந்து இடத்தில் அளந்து எழுதி வை. உள்பக்கமாக முன் தூணுக்கும் நடுத் தூணுக்கும் குறுக்கே ஒரு இரும்பு ஆங்கிளைத் தற்காலிகமாகப் பிடித்துவிட்டு, ஒரு பக்கம் முழுசாக முடிந்த பிறகுதான் அடுத்த பக்கத்தைத் தொட வேண்டும்.

தகடு 20 கேஜ் சிஆர்சிஏ, அதாவது பூச்சில்லாத மெல்லிய இரும்புத் தகடு வாங்கு. மீதம் கிடக்கிறது என்று யாராவது துத்தநாகம் பூசிய ஜிஐ தகடு கொடுத்தால் வாங்காதே. வெல்டு வைக்கும்போது துத்தநாகப் புகை காய்ச்சலில் தள்ளும். கேஸ் வெல்டிங் சூடு தகட்டை நெளித்துவிடும், அதனால் 0.8 மில்லிமீட்டர் கம்பியில் மிக் வெல்டிங் (மின்சாரத்தில் கம்பியை உருக்கி ஒட்டுவது) போதும். ஒரே கோடாக இழுக்காமல் ஒரு இஞ்சுக்கு ஒரு பொட்டு, இந்த முனையில் ஒன்று அந்த முனையில் ஒன்று என்று மாற்றி மாற்றி வை. பின் மட்கார்டில் நெருப்பு வைப்பதற்கு முன் பெட்ரோல் டேங்க் கழன்று ஷெட்டுக்கு வெளியே போயிருக்க வேண்டும். பேட்டரி வயரும் கழன்றிருக்க வேண்டும்.

நம் ஊரில் பெரிய எதிரி காசிமேட்டுக் கடல் பக்கமிருந்து வரும் காற்றுதான். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சுரண்டி வெள்ளையாக்கின தகட்டை ராத்திரி அப்படியே விட்டால் காலையில் மஞ்சளாகத் துரு பூத்திருக்கும். அதற்கு மேல் அடிக்கிற எதுவும் நிற்காது. சாயங்காலத்துக்குள் ஈரம் படாமல் காக்கும் எபாக்சி ப்ரைமர் போட்டு மூட முடிகிற அளவுக்குத்தான் காலையில் சுரண்ட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு கதவு என்று வைத்துக்கொள். கழுவவும், தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாளுக்கும் மெட்ரோ தண்ணீர் மட்டும். ஷெட்டு போர் தண்ணீரில் உப்பு அதிகம். அது காய்ந்து பெயிண்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் ஆறு மாதத்தில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும்.

ஒடுக்கை முடிந்த மட்டும் டாலியும் (பின்பக்கம் தாங்கும் இரும்புக் கட்டி) சுத்தியலும் வைத்தே எடு. பட்டி 3 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. 100 கிராம் பட்டிக்கு அதை இறுக வைக்கும் ஹார்டனர் 2 கிராம். சீக்கிரம் இறுகட்டும் என்று கூடப் போட்டால் பெயிண்ட் அடித்த பிறகு கறை மேலே வரும். வெயிலில் நாலைந்து நிமிஷத்தில் இறுகிவிடுவதால் எலுமிச்சை அளவு மட்டும் குழை. பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்காதே, அது தண்ணீரைக் குடிக்கும். 80, 180, 320 எண் என்று உலர்ந்த உப்புத்தாளில், கட்டையில் சுற்றித் தேய். தண்ணீர் வேலை பட்டிக்குப் பிறகு அடிக்கும் சமன் பூச்சான சர்ஃபேஸருக்கு மேல்தான், 600, 800 எண் தாளில்.

ப்ரைமர், சர்ஃபேஸர் அடிக்க காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை நல்ல நேரம். விடியற்காலையில் ஈரம் அதிகம். மத்தியானம் கடல்காற்று ஏறிவிடும், கன்டெய்னர் லாரித் தூசியும் சேரும். தினமும் கம்ப்ரஸரின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடு. டேஷ்போர்டு பாலிஷை ஷெட்டுக்குள் கொண்டு வராதே. அதிலுள்ள சிலிகான் பட்ட இடத்தில் பெயிண்ட் மீன்கண் மாதிரி விலகி நிற்கும். மேல் கோட் பியூ (பாலியூரிதேன்) பெயிண்ட் என்றால் நீ அடிக்க வேண்டாம், பெயிண்ட் அடிக்கும் மூடிய அறையான பூத் இருக்கும் இடத்தில் கொடுத்துவிடலாம். அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், துணி மாஸ்க் அதைத் தடுக்காது. இதில் மட்டும் என்னோடு வாதாடாதே.

மட்கார்டை வெட்டி அகல டயர் போடும் யோசனை வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது, 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. ஆர்சி புதுப்பிக்க வண்டியைக் காட்டும்போது மாட்டிக்கொள்வோம். நிறம் மாற்றினாலும் ஆர்சியில் ஏற்ற வேண்டும்.

கதவுகளின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளை முந்தின ஆள் பட்டியால் அடைத்திருக்கிறார். அரிப்புக்கு அதுதான் காரணம். அவற்றைத் திறந்துவிட்டேன். கடைசியில் கதவுக்குள்ளேயும் ரன்னிங் போர்டுக்குள்ளேயும் மெழுகு அடிக்கும்போது மறுபடி அடைபடாமல் கம்பி விட்டுப் பார்த்துக்கொள். நாளைக்கு சீட்டைக் கழற்றித் தரைத் தகட்டைப் பார்க்கிறேன். இருக்கிற நிலையை எழுதுகிறேன், அதற்குப் பிறகு தகடு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்.

அன்புடன்,
அப்பா