ஷீட் கூரைக்குக் கீழ் தனியாக இருக்கும் பெரியவர்களுக்காக

உறுப்பினர்களுக்கு வணக்கம். இந்த வெயில் காலத்தில், சேலம் அம்மாபேட்டை, குகைப் பகுதிகளில் சிமெண்ட் ஷீட் வீடுகளில் தனியாக வாழும் பெரியவர்களைத் தினமும் மதியம் நேரில் போய்ப் பாருங்கள். வாசலில் நின்று விசாரித்தால் போதாது. உள்ளே போய்க் குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். வயதானால் தாகமே சரியாகத் தெரியாது. வீட்டுக்காரர் யூனிட்டுக்குப் பணம் கேட்பார் என்று பயந்து மின்விசிறியை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு, அது வேதனை. ஆனால் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் விசிறி மட்டும் உதவாது. ஈரத்துண்டால் கழுத்து, கை, முதுகைத் துடைத்துவிடுங்கள்.

பேச்சு குழறினால், உடம்பு கொதித்தால் உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்.

வீட்டுக்குள் சூடு குறைய, ஞாயிறு காலை 6 மணிக்குக் கூரைகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். ஏணி, நீளக் கம்பு உள்ளவர்கள் கொண்டுவாருங்கள். ஷீட் மீது யாரும் கால் வைக்கக் கூடாது, உடைந்துவிடும். வருகிறவர்கள் இங்கேயே பெயரைப் பதிவிடுங்கள்.