வரைபடத்தையும் சேர்த்து வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ராணுவக் கொள்முதல் என்றாலே விலையும் எண்ணிக்கையும்தான் பேசப்படுகின்றன. கூடவே வரவேண்டிய வரைபடம், பழுதுபார்ப்புக் குறிப்பு போன்ற தொழில்நுட்பத் தரவுகளைப் பற்றிப் பேச்சே இல்லை. அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானத்தைப் பாருங்கள். 2001-ல் ஒப்பந்தம் தந்தபோது, பழுதுபார்க்கத் தேவையான தரவுகளை அரசு முழுமையாக வாங்கிவைக்கவில்லை. 2023 மார்ச்சில் பணிக்குத் தயாராக இருந்தவை சுமார் 55 சதவீதம்தான் என்கிறது அந்நாட்டுத் தணிக்கை அமைப்பு. உதிரிபாகத் தட்டுப்பாடு போன்ற காரணங்களும் உண்டு. ஆனால் தரவு இல்லாத குறைதான் என்னை உறுத்துகிறது. கழற்றிய பாகம் மேசைமேல் கிடக்கிறது, கருவி இருக்கிறது, தேர்ந்த ஆளும் இருக்கிறார். எப்படிச் சரிசெய்வது என்ற குறிப்பு மட்டும் உற்பத்தியாளரிடம்!

போட்டியாளர்கள் களத்தில் இருக்கும்போதே வரைபடம், மென்பொருள் விவரம், பராமரிப்புக் குறிப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனியாக விலை கேட்க வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தான அப்புறம் கேட்டால் உற்பத்தியாளர் சொன்னதுதான் விலை. அதற்காக எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். பழுதுபார்க்க எது தேவையோ அது போதும். சரி, வாங்கியாயிற்று; வந்த கோப்புகளைப் பணம் கொடுக்கும் முன்பே திறந்து பார்க்கவும், வடிவமைப்பு மாறும்போதெல்லாம் புதுப்பிக்கவும் பொறுப்பான ஓர் அதிகாரியை நியமியுங்கள்.

- ஒரு வாசகர்