ஹை லெவல் கேம் நடத்துற நம்ம ஊர் டிஎம்ங்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர்னு நம்ம பக்கம் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், கதை சொல்லி டைஸ் உருட்டி ஆடுற கேம்) டேபிள் நடத்துற எல்லா டிஎம் (டன்ஜன் மாஸ்டர், கதைய சொல்லி மான்ஸ்டருங்கள ஆட்டி வெக்கிறவங்க) அண்ணன்ங்க, அக்காங்க, தம்பிங்களுக்கும் வணக்கம்.

நேரா விஷயத்துக்கு வரேன். கேரக்டருங்க 11, 12 லெவல தாண்டுன உடனே எல்லா டேபிள்லயும் ஒரே பொலம்பல் தான், பிளேயருங்க ரொம்ப ஸ்ட்ராங் ஆயிட்டாங்கப்பா, எத எறக்குனாலும் ரெண்டு ரவுண்டுல காலி பண்ணிடறாங்கன்னு. அது நெஜம் தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அதுக்கு நீங்க பண்ற வைத்தியம் தான் எனக்கு புடிக்கல. மான்ஸ்டருக்கு ஹெச்பிய (எவ்ளோ டேமேஜ் தாங்கும்ன்ற கணக்கு) டபுள் பண்றீங்க, ஏசிய (அடி படாம தப்பிக்கற நம்பர்) ஏத்துறீங்க, அதுவும் பத்தலன்னா ஒரு பிளேயர் எதுல கெட்டிக்காரனோ கரெக்டா அதுக்கே இம்யூனிட்டி குடுத்துடறீங்க. தயவு செஞ்சு இத நிறுத்துங்க.

ஒரு டேபிள்ல நான் பக்கத்துலயே உக்காந்து பார்த்தத சொல்றேன். ஷூ கம்பெனில ஷிஃப்ட் முடிச்சிட்டு பஸ் புடிச்சி வந்து ஆடுற பொண்ணு, 13வது லெவல் பேலடின் (தெய்வ சக்தியோட சண்டை போடுற வீரன்). அன்னிக்கு மொத அட்டாக்கே நேச்சுரல் 20, அதாவது 20 பக்க டைஸ்ல 20ஏ விழுந்து கிரிட்டிக்கல் அடி. கைல இருந்த ஒரே 4வது லெவல் ஸ்லாட்ட (மந்திரத்துக்கு செலவு பண்ற சக்தி) ஸ்மைட்டுக்கு (அடியோட சேத்து குடுக்குற ரேடியண்ட், அதாவது ஒளி டேமேஜ்) போட்டுடுச்சி, 5 டி8 (எட்டு பக்க டைஸ்), கிரிட்டிக்கல்னால 10. அவ்ளோ டி8 அது கிட்ட இல்ல, எல்லார் கிட்டயும் கேட்டு வாங்கி ரெண்டு கையாலயும் உருட்டுச்சி. கூட்டி முடிக்கறதுக்குள்ள டிஎம் சொல்லிட்டாரு, இவனுக்கு ரேடியண்ட் டேமேஜ் ஏறாதுன்னு. போன வாரம் அதே வில்லனுக்கு அதே டேமேஜ் ஏறுச்சி! மாச கணக்குல ஆடி ஏத்துன லெவலுக்கு இன்னா மரியாத இது?

பவர புடுங்காதீங்க, செலவு பண்ண வைங்க. நான் கேக்குறது இவ்ளோ தான்.

கணக்க பாருங்க. 13வது லெவல் விசார்டுக்கு (மந்திரவாதி) மொத்தம் 17 ஸ்பெல் ஸ்லாட். 2014 ரூல்புக் ஒரு நாளைக்கு 6லருந்து 8 மீடியம் இல்ல ஹார்ட் சண்டை, நடுவுல ரெண்டு ஷார்ட் ரெஸ்ட்னு கணக்கு வெச்சி தான் எழுதுனாங்க. நம்ம டேபிள்ங்கள்ல இன்னா நடக்குது, ஒரு செஷனுக்கு ஒரு சண்டை, அது முடிஞ்சதும் எட்டு மணி நேரம் லாங் ரெஸ்ட், எல்லா ஸ்லாட்டும் திரும்ப வந்துடுது. அப்ப அந்த 17ல பெரிய பெரிய ஸ்பெல் எல்லாம் ஒரே சண்டைல தானே விழும், மான்ஸ்டர் எப்படி தாங்கும்? ஹெச்பி கம்மின்றது பிரச்சனையே இல்ல, அந்த விசார்டுக்கு மிச்சம் புடிக்க காரணமே நீங்க குடுக்கல.

அப்பறம் தனி மான்ஸ்டர். அடல்ட் ரெட் டிராகன், சேலஞ்ச் ரேட்டிங் (எவ்ளோ கஷ்டமான மான்ஸ்டர்ன்ற கணக்கு) 17, ஹெச்பி 256, கேக்க பயங்கரமா தான் இருக்கு. ஆனா எதிர்ல நாலு பேரு, அதுல 13வது லெவல் ஃபைட்டர் மட்டும் ஆக்‌ஷன் சர்ஜ் போட்டா ஒரே டர்ன்ல ஆறு அடி அடிப்பான், டிராகனுக்கு மத்தவங்க டர்ன் முடிஞ்சதும் பண்ற லெஜண்டரி ஆக்‌ஷன் மூணு இருந்தும் எண்ணிக்கைல தோத்துடும். அதுக்கு கூட ஆளு குடுங்க, அதுவும் வேற வேற வேலை செய்யற ஆளா குடுங்க. எதிரி போடுற மந்திரத்த நிறுத்தற கவுண்டர்ஸ்பெல் 60 அடி தான் போகும், கண்ணுக்கும் தெரியணும், எதிரி மந்திரவாதிய 90 அடி தள்ளி மதில் மேல நிக்க வெச்சா போதும், கிட்ட போறதுக்கே ஒரு ரவுண்டு யோசிப்பாங்க. யாரோட பவரையும் நீங்க தொடல பாருங்க.

மேப்புக்கும் கதைக்கும் எங்கியோ தேடவே வேணாம், நம்ம வேலூர் கோட்டையே இருக்கு. 1806 ஜூலை 10 விடிகாலைல சிப்பாய்ங்க கோட்டைய புடிக்கறாங்க, திப்பு வம்சத்துக்காக மைசூர் கொடி ஏறுது, அதுக்குள்ள சேதி ஆற்காட்டுக்கு போயி அன்னிக்கு காலைலயே வெள்ளைக்கார ஆபீசர் கில்லஸ்பி குதிரைப்படையோட வந்துடறான். வாசலுக்கு மேல மதில்ல மிச்சம் இருந்த வெள்ளைக்கார சோல்ஜருங்க கயிறு வுட்டு அவன மேல இழுக்கறாங்க, அப்பறம் பீரங்கி வந்து கதவ ஒடைக்குது. இப்ப உங்க 13வது லெவல் பார்ட்டிய சிப்பாய்ங்க பக்கம் உள்ள வைங்க. 10 ரவுண்டுல குதிரைப்படை வந்துடும். வாசல் கதவ காக்கணும், மதில் மேல இருக்குறவன எறக்கணும், உள்ள சிறை வெச்சிருக்கற திப்புவோட குடும்பத்துக்கும் ஒண்ணும் ஆகக்கூடாது. நாலு பேரு, மூணு எடம். ஃபயர்பால் 20 அடி ரேடியஸ், கூட்டத்துக்கு நடுவுல போட்டா யாரெல்லாம் எரிவாங்கன்னு விசார்டு ஒரு நிமிஷம் கைய நிறுத்தி யோசிப்பான் பாருங்க, அந்த ஒரு நிமிஷத்துக்கு தான் நான் டேபிளுக்கே வரேன்.

வெறும் சைஸ் எதுக்கும் ஆவாதுன்றதுக்கும் ஆற்காட்டுலயே கதை இருக்கு. 1751 முற்றுகைல, கிளைவ் உள்ள இருந்த ஆற்காடு கோட்டைய வளைச்ச ராஜா சாகிப்போட (சந்தா சாகிப் பையன்) படை, நெத்தில இரும்புத் தகடு கட்டுன யானைங்கள கதவ இடிக்க அனுப்புச்சி, துப்பாக்கி சூடு தாங்காம அது திரும்பி சொந்த ஆளுங்களையே மிதிச்சிக்கினு ஓடுச்சி. ஹெச்பி இருந்து இன்னா பண்றது? அந்தக் கோட்டையோட டெல்லி கேட் இன்னும் பாலாத்தங்கரைல நிக்குது, ஒரு ஞாயித்துக்கிழம போய் பாத்துட்டு வாங்க.

ஈசியா ஜெயிக்கற சண்டையும் வைங்க, தப்பே இல்ல. கிளெரிக் (பூசாரி) இருந்தா 20 எலும்புக்கூட்ட அனுப்புங்க, செத்தும் நடமாடுறதுங்கள வெரட்டற டர்ன் அண்டெட் போட்டு மொத்தத்தையும் ஒடைக்கட்டும், அந்த நேரத்துல கிளாக் ஓடிக்கினு இருந்தா போதும். மாங்க் (வெறும் கையால சண்டை போடுற துறவி) இருந்தா அம்பு வுடுங்க, அவன் கைல புடிக்கட்டும்.

ஆபத்தே இல்லன்னா சப்புனு போயிடுமேன்னு சில டிஎம் கேப்பீங்க. ஆபத்து வேணும் தான், ஆனா அது பிளேயர் எடுக்குற முடிவால வரணும், ஸ்கிரீனுக்கு பின்னாடி நீங்க மாத்துற நம்பரால வரக்கூடாது.

அடுத்த செஷனுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை பண்ணுங்க. எல்லாரோட கேரக்டர் ஷீட்டையும் வாங்கி பொறுமையா படிங்க. ஆசையா எடுத்து வெச்சிட்டு இது வரைக்கும் ஒரு தபா கூட போட வாய்ப்பே கெடைக்காத ஸ்பெல் ஒவ்வொருத்தர் கிட்டயும் இருக்கும், அதுக்கு ஒரு எடம் வெச்சி சண்டைய எழுதுங்க.

இப்படிக்கு,
சத்துவாச்சாரில இருந்து ஒரு பிளேயர்