கவிழ்த்து வைத்த கிளாஸ்

சுங்கை சிப்புட்டில் என்னைத் தெரிந்த எல்லாருக்கும், தோட்டத்து லயத்தில் கூடப் பிறந்து வளர்ந்தவர்களுக்கும், செம்பனை ஆலையில் கூட வேலை செய்கிறவர்களுக்கும் வணக்கம்.

நடந்தது என்ன என்று உங்களுக்குத் தெரியும். எடை குறைக்கச் செய்த இரைப்பை ஆபரேஷனுக்குப் பிறகு என்னை ஈப்போவுக்கு மறுபடி மறுபடி தூக்கிக்கொண்டு ஓடியதும், எல்லாம் சரியாகிவிட்டது என்று மூச்சு விட்ட நேரத்தில் எடை திரும்ப ஏறியதும் ஊருக்கே தெரிந்த கதைதான், அதை இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. இன்றைக்குக் காலையில் கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். வீட்டுக்கு வந்து மோட்டாரை நிறுத்தியதும் எழுத உட்கார்ந்துவிட்டேன். நாள் போனால் மனசு ஆறிவிடும், அப்புறம் எழுத வராது.

முதல் நன்றி நான் தினமும் பசியாறும் ஒட்டுக்கடை அக்காவுக்கு. பேரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், போடவில்லை. யார் என்று உங்களுக்குத் தெரியும்.

எனக்குச் செய்தது இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழம் மாதிரி குழாயாக விடுகிற ஆபரேஷன். கோழித் துண்டைச் சரியாக மெல்லாமல் விழுங்கினால் நெஞ்சில் கல் மாதிரி நிற்கும். ஆனால் தே தாரிக், அந்த இழுத்து ஆற்றின பால் தே, நிற்காது. தேயில் முக்கிய பிஸ்கட் நிற்காது. மைலோ, ஐஸ்கிரீம் எதுவுமே நிற்காது, வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். வாந்தியோடு கிடந்த மாதங்களில் எது வயிற்றில் தங்குகிறதோ அதைக் குடித்துத்தான் நாளை ஓட்டினேன். வாந்தி நின்ற பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து கிளாஸ் தே, எல்லாம் டின் பாலும் சீனியும். சோறே சாப்பிடுவதில்லையே, எப்படி எடை ஏறுகிறது என்று வீட்டில் எல்லாரும் குழம்பினார்கள். எனக்குத் தெரியும், வாய் திறந்து சொல்ல முடியவில்லை.

உணவியலாளர் கொடுத்த தாள் ஒன்றை ஒரு நாள் அக்கா கடை மேசையிலேயே மறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மலாயில் அச்சடித்த தாள். மறந்தது கூட எனக்கு நினைவில்லை.

அடுத்த வாரம் உட்கார்ந்தேன், வழக்கம்போல தே தாரிக் கேட்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் ஒரு சின்ன சாசர் வந்தது. அரைவேக்காட்டு முட்டை இரண்டு, நான்காக வெட்டின ஒரு இட்லி, தண்ணியாக விட்ட பருப்பு, பக்கத்தில் ஒரு மைலோ ஸ்பூன். அப்புறம் அக்கா ஒரு கண்ணாடி கிளாஸை எடுத்து என் முன்னால் கவிழ்த்து வைத்தார்கள். "தம்பி, முட்டையை முதல்ல சாப்பிடு. கிளாஸ நான் வந்து நிமித்துவேன்." அவ்வளவுதான், அடுப்புப் பக்கம் போய்விட்டார்கள்.

ஐந்து நிமிடத்தில் பசியாறி எழுந்து ஓடுகிற ஆள் நான். அன்றைக்கு அந்த ஸ்பூனில் இருபது நிமிடம் ஆனது. சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் கழித்து அக்கா வந்தார்கள், கிளாஸை நிமிர்த்தி வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினார்கள், ஒன்றும் பேசவில்லை. சாப்பிடும்போதே தண்ணீர் குடித்தால் சாப்பாடு சீக்கிரம் இறங்கிவிடும், வயிறு நிறைந்தது தெரியாது, சில பேருக்கு குமட்டலும் வரும் என்று உணவியலாளர் எனக்கு மூன்று தடவை சொல்லியிருந்தார். தலையாட்டிவிட்டு வந்திருந்தேன், செய்ததில்லை. அந்த கிளாஸ் கவிழ்ந்து இருக்கிறவரைக்கும் கை தண்ணீர்ப் பக்கம் போகவே இல்லை.

பக்கத்து மேசைக்காரருக்கு அது வெறும் கழுவின கிளாஸ். அது என்ன என்று எனக்கும் அக்காவுக்கும்தான் தெரியும். நான் போகிற இடமெல்லாம், கல்யாண வீட்டிலிருந்து கோயில் வரைக்கும், "இவ்வளவுதான் சாப்பிடுவியா" என்று ஒருத்தர் கேட்பார், "ஆபரேஷன் பண்ணியும் ஏறிடுச்சாமே" என்று இன்னொருத்தர் என் காதில் விழுகிற மாதிரியே சொல்வார். அந்த நேரத்தில் என் தட்டை மட்டும் கவனித்து, என்னைக் கூர்ந்து பார்க்காத ஒரு ஆள் கிடைத்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று அனுபவித்தவர்களுக்குப் புரியும்.

மூன்று வாரம் கழித்து காசு கொடுக்க உள்பக்கம் போனபோதுதான் பார்த்தேன். தே இழுக்கிற இடத்துக்கு மேலே, நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில், படிவம் 4 படிக்கிற அவருடைய மகளின் எழுத்து. நான் விட்டுப்போன மலாய்த் தாளைத் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறாள். முதலில் முட்டை, மீன், தவு (சோயாக் கட்டி). அப்புறம் காய். கடைசியில் இட்லி, சோறு. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. நன்றாக மெல்லணும். இனிப்புத் தண்ணி எதுவும் வேண்டாம். ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம், ஒரு முட்டையில் 6 கிராம். இதற்கெல்லாம் கீழே வேறு கையெழுத்தில், எழுத்து கொஞ்சம் கோணலாக, அக்காவே எழுதியது: "யாரும் தம்பிய ஒன்னும் கேக்க வேணாம்." கடையில் வேலை செய்கிற இரண்டு பையன்களுக்காக எழுதியது அது. வெளியே வந்து மோட்டார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

காசு வாங்கிக்கொண்டார்கள், ஒரு காசு குறைக்கவில்லை. அதற்கும் நன்றி. சும்மா கொடுத்திருந்தால் கூச்சத்தில் நான் வருவதை நிறுத்தியிருப்பேன்.

ஒரு மழை நாளில் மனசு தாங்காமல் தே தாரிக் கேட்டேன். ஒன்றும் சொல்லாமல் போட்டுக் கொடுத்தார்கள். "குடி தம்பி. நாளைக்கும் கிளாஸ் இங்கதான் இருக்கும்" என்றார்கள். மறுநாள் இருந்தது.

மற்றவர்களையும் சொல்லாமல் விட முடியாது. இரவு ஷிப்டில் மீ கோரெங் பொட்டலத்தை எனக்குத் தெரியாமல் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்ட ஆலை நண்பர்கள், அன்னதானத்தில் கேட்காமலே ஒரு கரண்டியோடு நிறுத்துகிற கோயில் தம்பிமார், திட்டாமல் முதலிலிருந்து மறுபடி சொல்லிக்கொடுத்த கிளினிக் தாதி, உணவியலாளர், கெம்போங் மீனை ஆவியில் வேக வைத்து வேக வைத்தே அலுத்துப்போன என் மனைவி, எல்லாருக்கும் என் நன்றி. மனைவிக்குத் தனியாக எழுதினால் கோபித்துக்கொள்வாள், நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

இந்த தேயை யோசித்துப் பார்க்கிறேன். என் அம்மா இருட்டோடு ரப்பர் பால் வெட்டப் போவதற்கு முன்னால் குடித்தது இதே இனிப்புத் தேதான். அந்தச் சீனி மரத்துக்கு மரம் நடந்து கரைந்து போனது. நான் எடைப்பாலத்தில் உட்கார்ந்து லோரி எண்ணுகிற கிராணி, எனக்கு அது எங்கே கரையும்? மலேசியச் சுகாதார அமைச்சின் 2023 ஆய்வு நாட்டில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் எடை கூடியவர்கள் என்கிறது. நம் லயத்து வீடுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தால் அதற்கு ஆய்வே தேவையில்லை.

இனி யாரைப் பார்த்தாலும் "குண்டாயிட்டியே", "இளைச்சிட்டியே" என்று பேச்சை ஆரம்பிக்க மாட்டேன். அக்கா பேரைச் சொல்லிச் சத்தியம் செய்கிறேன். பி12, இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளை ஆயுசுக்கும் விடமாட்டேன், அதுவும் சத்தியம்.

அக்கா, நாளைக்கு ஏழு மணிக்கு வருகிறேன். சுவரில் இருக்கிற அந்தத் தாளில் எண்ணெய் பட்டு எழுத்து மங்கிக்கொண்டு வருகிறது. எறிந்துவிடாதீர்கள், கழற்றி என்னிடம் கொடுங்கள், லேமினேட் செய்து கொண்டுவந்து நானே ஒட்டுகிறேன்.