வீட்டுக்கு அனுப்பிய அந்தப் பாதிப் பாடம்

அன்புள்ள சார், மிஸ்,

வடசென்னைப் பள்ளிகளில் அறிவியல் எடுக்கும் உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். நான் கொருக்குப்பேட்டையில் வளர்ந்தவன். உளவியல் படித்துவிட்டு, வியாசர்பாடியில் ஒரு சின்ன வாசகசாலையில் சனிக்கிழமை சாயங்காலங்களில் ஆலோசனை சொல்ல உட்காருகிறேன். உங்களிடம் படித்த பிள்ளைகள்தான் பள்ளி முடித்து இரண்டு மூன்று வருடம் கழித்து என்னிடம் வருகிறார்கள். உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

எங்கள் பத்தாம் வகுப்பு சார் ஒரு செம்பருத்திப் பூவை பிளேடால் நெடுக்காகக் கீறி, சூலகத்தை விரல் நுனியில் எடுத்துக் காட்டினார். மகரந்தத்தை ஆளுக்கொரு துளி உள்ளங்கையில் தடவிவிட்டார். அந்த மஞ்சள் இன்னும் கண்ணில் நிற்கிறது. மனித உடல் வந்ததும், "இது ஈஸிதான், வீட்ல படிச்சுக்கோங்க" என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார். இன்றைய புத்தகத்தில் அந்தப் பாடத்துக்கு "தாவரங்கள் மற்றும் விலங்குகளில் இனப்பெருக்கம்" என்று பெயர். பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தேன். பல வகுப்புகளில் தாவரம் நடக்கிறது, மிச்சம் இன்னமும் வீட்டுக்குத்தான் போகிறது.

வீட்டில் அதை யாரும் நடத்துவதில்லை. சுவரும் மின்கம்பமும் நடத்துகின்றன. கைப்பழக்கம், சொப்பன ஸ்கலிதம் (தூக்கத்தில் விந்து வெளியேறுவது), நரம்புத் தளர்ச்சி என்று கொட்டை எழுத்தில் ஒட்டிய வைத்திய விளம்பரத் தாள்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் பிள்ளைகள் அந்தச் சொற்களை முதலில் படிப்பது அங்கேதான்.

போன வருடம் ஒரு தம்பி வந்தான். கல்லூரி முதலாண்டு, நல்ல கால்பந்து ஆட்டக்காரன். துணிப்பையிலிருந்து ஒரு லேகிய டப்பாவை எடுத்து என் மேசையில் வைத்தான். மூடியைச் சுற்றி கறுப்பாக எண்ணெய் கசிந்திருந்தது. கேட்டரிங் வேலைக்குப் போய்ச் சம்பாதித்த 3,800 ரூபாயை அதற்குக் கொடுத்திருக்கிறான். "அண்ணா, முன்ன மாதிரி ஓட முடியல. தூக்கத்துல எல்லாம் வீணாயிடுது. நாப்பது சொட்டு ரத்தம்தான் ஒரு சொட்டு விந்துன்னாங்க." பத்தாம் வகுப்பிலிருந்தே இந்தப் பயம் இருந்ததாம். நாலு வருடம், சார். பகலெல்லாம் பயம், ராத்திரி தூங்கவே பயம். தூக்கமில்லாத உடம்பு எப்படி ஓடும்?

அவனுக்கு நான் சொன்னது உங்கள் பாடத்தை ஒட்டியதுதான். விந்து ரத்தத்திலிருந்து வடிப்பது இல்லை. பருவம் வந்த பிறகு உடம்பு அதைத் தொடர்ந்து உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு விந்தணு முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும், பின்னாலேயே அடுத்தது வந்துகொண்டிருக்கும். தூக்கத்தில் வெளியேறுவது அந்த வயதின் இயல்பு, அதனால் எந்தப் பலமும் குறையாது. பத்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டேன். அவன் ரொம்ப நேரம் அழுதான்.

இந்தப் பயத்துக்கு மருத்துவத்தில் ஒரு பெயரே இருக்கிறது. இந்திய மனநல மருத்துவர் என்.என்.விக் 1960-இல் இதை "தாத் நோய்க்குறி" (Dhat syndrome) என்று குறித்தார். தாது, அதாவது விந்து, போய்விட்டது என்ற நம்பிக்கையால் வருகிற சோர்வு, பதற்றம், உடம்பு வலி எல்லாம் அதில் அடங்கும். சோர்வு நிஜம், காரணம்தான் தவறு. இதைப் புரியவைப்பதற்குத்தான் உடலோடு சேர்த்து மனசையும் நடத்த வேண்டும் என்கிறேன். பாலியல் என்பது உறுப்புகளின் படமும் அம்புக்குறிகளும் மட்டும் இல்லை. நினைப்பு, வெட்கம், ஆசை, பயம், ஊர் சொன்ன கதை எல்லாமே அதில் சேர்த்தி.

அப்புறம் ஒரு அண்ணன். துறைமுகத்தில் கன்டெய்னர் வேலை, கல்யாணமாகி மூன்று மாதம். "எனக்கு ஏதோ நரம்புல பிரச்சினை" என்று, மனைவியோடு சேர முடியாத கவலையில் வந்தார். எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு கேரம் போர்டு உண்டு, அவரும் நன்றாக ஆடுவார். பந்தயம் கட்டி ஆடும்போது, கடைசிக் காயில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தால் விரல் என்ன செய்யும் என்று கேட்டேன். "நடுங்கும்" என்றார். நரம்பு அதே நரம்புதான். மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இதைத்தான் சொன்னார்கள். பாலுணர்வில் உடல் காட்டும் எதிர்வினையின் கட்டங்களை ஆய்வகத்தில் அளந்து 1966-இல் வெளியிட்டவர்கள் அவர்கள். சரியாக நடக்கிறதா என்று ஒருவர் தன்னையே வேடிக்கை பார்க்க ஆரம்பித்தால் உடல் ஒத்துழைக்காமல் போகும் என்பதை விளக்கினார்கள். ஆசை என்ற ஒன்றை அதில் தனிக் கட்டமாகச் சேர்க்க வேண்டும் என்று பின்னால் வாதாடியவர் ஹெலன் சிங்கர் கேப்லன் என்ற பாலியல் சிகிச்சையாளர். ஆசை மனசில் தொடங்குகிறது.

எனக்குப் பிடித்த விளக்கம் அதற்கும் பின்னால் வந்தது. பேன்கிராஃப்ட், யான்சென் என்ற பாலியல் ஆய்வாளர்கள் இருவரும் சொன்னது: நம் ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு ஆக்சிலேட்டரும் ஒரு பிரேக்கும் இருக்கின்றன. இரண்டும் தனித்தனி, ஆளுக்கு ஆள் அளவு வேறு. பயமும் அவமானமும் பிரேக்கை மிதிக்கும். பிரேக்கில் கால் இருக்கும்போது ஆக்சிலேட்டரைக் கூட்ட லேகியம் எதற்கு? அந்த அண்ணன் மனைவியோடு மனம்விட்டுப் பேச ஆரம்பித்தபோதே பாதி சரியானது. உடல் காரணமும் இருக்கலாம் என்பதால் ஸ்டான்லி மருத்துவமனைக்கும் போய்ப் பார்க்கச் சொன்னேன்.

இதை எல்லாம் பத்தாம் வகுப்பில் நடத்தச் சொல்லவில்லை. நீங்கள் தெரிந்துவைத்திருந்தால் போதும், பிள்ளைகள் கேட்கும்போது முகம் மாறாமல் வயசுக்குத் தகுந்த பதில் வரும்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. இது எனக்கு வலிக்கிற விஷயம். வருகைப் பதிவேட்டில் ஒன்பதாம் எண் வந்ததும் வகுப்பு சிரிக்கும், தெரியுமா? திருநங்கைகளைக் கேலி செய்யத்தான் அந்த எண்ணை வசையாக்கினார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சிரிப்புக்கு நடுவில் தலையைக் குனிந்து உட்கார்ந்த ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். இப்போது அவள் திருநங்கை. பள்ளியைப் பதினொன்றாம் வகுப்போடு விட்டுவிட்டாள்.

நாலு விஷயத்தை நாம் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறோம். பிறக்கும்போது உடலைப் பார்த்துச் சொல்வது பால். தான் யார் என்று மனசு அறிவது பாலின அடையாளம். நடை, உடை, பேச்சில் தெரிவது வெளிப்பாடு. யார்மேல் ஈர்ப்பு வருகிறது என்பது பாலீர்ப்பு. ஒன்றை வைத்து இன்னொன்றைச் சொல்லிவிட முடியாது. மென்மையாகப் பேசும் பையன் எல்லாம் திருநங்கை இல்லை, ஆண்களை விரும்பும் ஆணுக்குத் தன்னை ஆண் என்பதில் குழப்பமும் இல்லை. ஆல்ஃபிரட் கின்ஸி என்ற விலங்கியலாளர், குளவிகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர், 1948-இல் பாலீர்ப்பை 0 முதல் 6 வரை ஒரு அளவுகோலில் வைத்துக் காட்டினார். அவர் ஆட்களைத் தேர்ந்த முறையில் குறை உண்டு, ஆனாலும் இரண்டே பெட்டி என்ற எண்ணத்தை உடைத்தவர் அவர். தன்பாலீர்ப்பை மனநோய்ப் பட்டியலிலிருந்து அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இலும், உலக சுகாதார நிறுவனம் 1990-இலும் நீக்கிவிட்டன. நம் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று, வயது வந்தவர்களின் சம்மதமான உறவு குற்றமில்லை என்றது. மருந்து, மந்திரம் என்று மாற்றப் பார்ப்பது தவறு என்று சொல்ல நமக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். இருக்கட்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021-இல் ஒருவரை ஒருவர் விரும்பிய இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டு வந்த வழக்கு. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாக எழுதினார். ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் பிறகு உத்தரவு போட்டார். பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைக்கு அந்த உத்தரவில் தடை போட்டார். தெரியாது என்று நீதிபதி சொன்னதால் அவர் மதிப்பு குறையவில்லை. "எனக்கும் கூச்சமாத்தான் இருக்கு, ஆனா நடத்தப்போறேன்" என்று நீங்கள் சொன்னால் பிள்ளைகள் அன்றைக்குக் கூடுதலாகக் கவனிப்பார்கள்.

பெண் பிள்ளைகளையும் ஆண் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்தே நடத்துங்கள். மாதவிடாயைப் பையன்களுக்கும் சொல்லுங்கள், தீட்டு என்ற சொல்லை வகுப்புக்குள் விடாதீர்கள். சம்மதம் என்றால் என்ன என்று ஒரு பத்து நிமிடம் பேசுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை ஒன்று பாலியல் துன்பத்தைச் சொன்னால் போக்சோ சட்டப்படி நாம் மறைக்கக் கூடாது, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கரும்பலகை ஓரத்தில் எழுதிவையுங்கள்.

வாசகசாலை வாசலில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்திருக்கிறேன். கேள்வியை எழுதி, பெயர் போடாமல் போடலாம். "எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்று தொடங்கும் சீட்டுகள்தான் அதிகம். கேள்விகள் மாறினாலும் அந்தத் தொடக்கம் மாறவில்லை. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் ஒட்டிவைத்திருக்கிறேன். நீங்கள் கூப்பிட்டால் நோட்டோடு உங்கள் பள்ளிக்கு வருகிறேன். நடத்துவது நீங்களாக இருக்கட்டும், நான் பின்பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன். நேரில் பேச வேண்டுமானால் சனிக்கிழமை நாலு மணிக்கு மேல் வாசகசாலையில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன்