நெறி கட்டிய இடத்தை மூடித் தந்தவர்களுக்கு

மதிப்பிற்குரிய அனைவருக்கும் வணக்கம்.

நான் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல்லும் வாழையும் பயிரிடும் 62 வயது விவசாயி. சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில், என் வலது தொடையிடுக்கில் புற்று பரவியிருந்த நிணநீர்க் கட்டிகளை அகற்றினார்கள். அவற்றோடு சேர்த்து எடுக்க வேண்டியிருந்த தோலுக்கு ஈடாக, அதே தொடையின் தசைத்தோலைத் திருப்பி வைத்து அந்த இடத்தை மூடினார்கள். இந்தப் பிசானப் பருவ நெல் நடவின்போது வரப்பில் என் காலாலேயே நடந்து போய் வயலைப் பார்த்துவந்தேன். அன்று மாலை எழுதத் தொடங்கிய மடல் இது.

முதல் நன்றி, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் என் மனைவிக்கு இரத்த அழுத்த மாத்திரை கொண்டுவந்து தரும் சகோதரிக்கு. என் குதிகாலில் இரண்டு ஆண்டுகளாக ஒரு கருப்புத் திட்டு இருந்தது. முள் குத்திய தழும்பு என்று முதலில் எண்ணினேன்; தடித்த பிறகு கால் ஆணி என்று நானே பிளேடால் சீவினேன். பிறகு தொடையிடுக்கில் கட்டி வந்தது. காலில் புண் இருந்தால் நெறி கட்டும், புண் ஆறினால் நெறி கரையும் என்பது எங்கள் ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரிந்த செய்தி என்பதால், நான்கு மாதம் அதைப் பொருட்படுத்தாமல் இருந்துவிட்டேன். நான் காலைச் சாய்த்து நடப்பதைப் பார்த்த அந்தச் சகோதரி, “வலிக்குதா அண்ணாச்சி?” என்று கேட்டார். வலியே இல்லை என்று நிம்மதியோடு சொன்னேன். “வலிக்காம கல்லு மாதிரி இருக்கறதுதான் சரியில்ல. நாளைக்கே ஹைகிரவுண்டுக்குப் போயிருங்க” என்றார். சீழ்ப்புண்ணால் கட்டும் நெறி பெரும்பாலும் தொட்டால் வலிக்கும், புண் ஆற ஆற வற்றும்; வலியில்லாமல் கெட்டியாக வளர்ந்துகொண்டே போவதைக் காட்டியாக வேண்டும் என்பதை அவரிடமிருந்துதான் அறிந்தேன். சதைத்துண்டு எடுத்துச் சோதித்தபோது மெலனோமா என்ற தோல் புற்று என்று முடிவு வந்தது. நம்மைப் போன்ற கருநிறத்தவருக்கு அது உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும்தான் அதிகம் வருமாம்.

புற்றுநோய் அறுவைச் சிகிச்சை மருத்துவர்களும் ஒட்டுறுப்பு (பிளாஸ்டிக் சர்ஜரி) அறுவைச் சிகிச்சை மருத்துவர்களும் சேர்ந்து என்னிடம் ஏழு மணி நேரம் உழைத்தார்கள். அதற்கு முந்தைய நாள், என் மகனையும் உட்காரவைத்து, என்ன செய்யப் போகிறோம் என்பதைத் தாளில் வரைந்து காட்டிய இளம் மருத்துவரை நான் மறக்க மாட்டேன். காலுக்குப் போகும் பெரிய தமனியும் அங்கிருந்து திரும்பும் சிரையும் தொடையிடுக்கில் தோலுக்கு மிக அருகில் ஓடுகின்றன. நிணநீர்க் கட்டிகளையும் கொழுப்பையும் வழித்தெடுத்த பிறகு அவற்றின்மேல் உயிருள்ள சதை இல்லாவிட்டால், புண் பழுத்துக் குழாயே வெடிக்கும் ஆபத்து உண்டு. ஆகையால் இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து முழங்காலின் உட்புறத்துக்கு ஓடும் நீண்ட தசையின் மேல்முனையை விடுவித்து, இரத்தக் குழாய்களின்மேல் போர்த்தினார்கள். அதற்கும் மேலே, தொடையின் முன்பக்க வெளிப்புறத்திலிருந்து தோலையும் அதன் கீழுள்ள திசுவையும், அவற்றுக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய் அறுபடாமல் நகர்த்திவந்து தைத்தார்கள். வெறும் தோலை மட்டும் ஒட்டினால் போதாதா என்று கேட்டேன். ஒட்டிய தோல் கீழிருந்துதான் இரத்தம் பெற வேண்டும் என்று அவர் சொன்னபோது, பிடுங்கி நட்ட நாற்றுக்கும் வேர்மண்ணோடு பெயர்த்து வைத்த கன்றுக்கும் உள்ள வேறுபாடாக அதை நான் விளங்கிக்கொண்டேன். சதை எடுத்த இடத்தை இடது தொடையின் மெல்லிய தோலால் மூடினார்கள். அது இன்று சிறு கட்டம் கட்டமாக ஆறியிருக்கிறது.

அடுத்து நான் சொல்ல வேண்டியது இரவுப்பணிச் செவிலியரைப் பற்றி. திருப்பி வைத்த சதைக்கு இரத்தம் ஓடுகிறதா என்பதை முதல் இரவு முழுவதும் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். டார்ச் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பார், புறங்கையால் சூடு பார்ப்பார், விரலால் அழுத்தி எடுத்து வெளுத்த இடம் மீண்டும் சிவப்பதற்குள் எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுவார். கட்டிய மனைவிக்குக்கூடக் காட்டக் கூசிய இடம் அது. ஒவ்வொரு முறையும் மற்ற பகுதியைப் போர்த்திவிட்டு, “அப்பா, பாக்கட்டுமா?” என்று கேட்ட பிறகே துணியை விலக்கினார். நான் தூங்குவது போலக் கண்ணை மூடிக் கிடந்தபோதும் கேட்டார். அந்த ஒரு கேள்வியால் என் கூச்சம் முதல் இரவிலேயே கரைந்துபோனது. தையல் இழுபடாமலிருக்க இடுப்பை மடக்கியபடியே கிடந்த அந்த நாட்களில், புண்ணில் அசுத்தம் படாமல் என்னைத் துடைத்துவிட்ட தூய்மைப் பணியாளர் அம்மாவுக்கு, முகம் சுளிக்காத அந்தப் பொறுமைக்கு, நான் எப்படி நன்றி சொன்னாலும் போதாது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அனுமதி வாங்கித் தந்த ஊழியருக்கும், பெயர் சொல்லாமல் இரத்தம் கொடுத்துவிட்டுப் போன இரண்டு கல்லூரி மாணவர்களுக்கும் என் வணக்கம். புண்ணில் செருகிய குழாயின் வழியே குப்பியில் சேர்ந்த நீரை, நெல் கணக்கு எழுதும் நோட்டிலேயே நாள்தோறும் அளந்து குறித்தாள் என் மனைவி. இரண்டு நாள் தொடர்ந்து 30 மில்லிக்குக் கீழே வந்த பிறகுதான், 22-ஆம் நாள், குழாயை எடுத்தார்கள். வீடு திரும்பிய பிறகு உளுந்தஞ்சோறும் எள்ளுத்துவையலும் முட்டையும் கொண்டுவந்து உடம்பைத் தேற்றியவர் மதினி.

வீக்கம் பிறகு வந்தது. நிணநீர் போகும் வழியை எடுத்துவிட்டதால் நீர் காலிலேயே தேங்குகிறது. வடிகால் அடைபட்ட வயலை அறிந்த எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. யானைக்காலா என்று தெருவில் கேட்டார்கள். அது கொசுக்கடியால் வருவது, இது வேறு. எங்கள் வீட்டுக்கே வந்து அழுத்தக் கட்டுப் போடவும், காலையில் எழுந்ததும் அழுத்தக் காலுறை மாட்டவும், விரலிடுக்குகளை ஈரமில்லாமல் துடைக்கவும் கற்றுத்தந்த இயன்முறை மருத்துவர் தங்கைக்கும், குதிகால் தழும்பு உரசாதபடி மெத்தென்ற செருப்பு அளவெடுத்துத் தைத்துத் தந்த டவுன் தொழிலாளிக்கும் என் நன்றி. சிறு கீறலில் கிருமி புகுந்தாலும் கால் சிவந்து வீங்கிக் காய்ச்சல் வரும் என்பதால் இனி நான் சேற்றில் வெறுங்காலோடு இறங்கக் கூடாது. இந்தப் பிசானத்தில் எனக்காக இறங்கியவன் என் தம்பி.

நோய் திரும்பாது என்று யாரும் எனக்கு உறுதி தரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த முறை தை மாதம். அதற்குள் எங்கள் ஏத்தன் வாழையில் முதல் தார் வெட்டுக்கு வந்துவிடும். அதை வார்டுக்கு எடுத்து வருகிறேன்.

நன்றியுடன்,
கன்னடியன் கால்வாய்க் கரையிலிருந்து
உங்களால் நடக்கும் ஒருவன்